எங்கள் வீட்டில் பிறக்காத கலெக்டர்

எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் நான்கு பெயர்கள் இருந்தன. அப்பா, அம்மா, அண்ணன், நான். ஐந்தாவதாக ஒரு கலெக்டரும் எங்களோடு குடியிருந்தார். அவருக்கு அரிசி, சர்க்கரை எதுவும் தேவைப்படாததால் கார்டில் சேர்க்கவில்லை. அவர் பிறக்கவேண்டிய இடத்தில் நான் பிறந்துவிட்டேன். அந்தக் குற்றத்துக்கு ஐம்பத்தைந்து வயதுவரை எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை.

நான் கலெக்டராகப் பிறந்திருக்கவேண்டியவன் என்பது அம்மாவின் கணக்கு. அந்தக் கலெக்டரைக் கெடுத்தது ஒரு எக்ஸ்ரே. அம்மா அப்போது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தினக்கூலி. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டு முடியை அலசிக் காயவைப்பது, தோல் பதப்படுத்தும் ஆவாரம்பட்டை மூட்டை சுமப்பது, மேஸ்திரியிடம் திட்டு வாங்குவது ஆகிய மூன்றும் அவள் வேலை. ஒருநாள் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வண்டி ஒன்று கம்பெனி வாசலுக்கே வந்தது. எல்லாரும் வரிசையில் நின்று மார்புக்குப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். வெளியே சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. வண்டிக்குள் போய் நின்றாள். இறங்கி வந்த பிறகு, வண்டியோடு வந்த நர்சு வரிசையைப் பார்த்துச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"முழுகாம இருக்கிறவங்க யாரும் நிக்காதீங்க. வயித்துல இருக்கிற கொழந்தைக்கு மூள வளராது."

சொல்லவேண்டியதை முதலில் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்திலும் இல்லை.

நான் பிறந்ததும் அழவில்லையாம், எக்ஸ்ரே. பிறகு நிறுத்தாமல் அழுதேனாம், அதுவும் எக்ஸ்ரே. ஏழாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "பாவம், கொழந்த இன்னா பண்ணும்" என்று அழுதுவிட்டு அவித்த முட்டை கொடுத்தாள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அண்ணன் அதே ஏழாம் வகுப்பில் இருபத்திரண்டு வாங்கியபோது அவனுக்குக் கிடைத்தது விளக்குமாறு. அவன் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டான். "என்னச் சுமந்தப்பயும் ஒரு எக்ஸ்ரே எடுத்துனு இருந்தா இன்னா கெட்டுப்போச்சு உனக்கு?" அதற்கும் விளக்குமாறுதான்.

செவ்வாய்க்கிழமை தோறும் எனக்கு வல்லாரை. துவையல், கூட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்த கசாயம் என்று எந்த வேஷத்தில் வந்தாலும் அது வல்லாரைதான். ஐம்பது வருஷம் ஒரு மாட்டுக்குப் போட்டிருந்தால் மாடு எம்.ஏ. முடித்திருக்கும். மற்றவர்களுக்கு அன்று கத்தரிக்காய்க் குழம்பு.

இதில் எனக்கும் சௌகரியங்கள் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. சைக்கிளைப் பூட்டாமல் விட்டுத் தொலைத்தேன், அடி விழவில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணை வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டேன், அதற்கும் அடி விழவில்லை. சொந்தக்காரர்கள் வந்து ஞாயம் கேட்டபோது அம்மா எக்ஸ்ரேவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டாள். இந்தக் கல்யாணமே ஒரு மூளைக் கோளாறு என்று அம்மா ஊருக்கெல்லாம் விளக்கியது என் சம்சாரத்தின் காதுக்குப் போனது. ஒரு வாரம் நான் ஓட்டலில் சாப்பிட்டேன்.

எக்ஸ்ரே அம்மாவுக்கு விட்டுப்போன இன்னொரு சொத்து, படம் எடுப்பதென்றால் வந்த பயம். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவள் புடவைத் தலைப்பு மட்டும் தெரியும். என் மகள் செல்போனைத் தூக்கினால் சமையலறைக்குப் போய்விடுவாள். ஆதார் எடுக்கப் போன இடத்தில் ஓட வழி இல்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இன்றைக்கும் அவள் ஆதார் கார்டைப் பார்த்தால் இந்தியக் குடிமகள் ஒருத்தி சாமி கும்பிடுவதுபோல இருக்கும். கேமராவிலிருந்தும் அந்தக் கதிர் வருமென்று நினைக்கிறாள் என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

கலெக்டர் ஆகாதவன் ஆம்பூரில் என்ன ஆவான்? தோலுக்குத்தான் போவான். முப்பது வருஷமாக நான் செலக்‌ஷனில் இருக்கிறேன். பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, ஒன்றிலிருந்து ஆறுவரை தரம் பிரித்து, பின்பக்கம் சாக்பீஸால் நம்பர் போடவேண்டும். நம்பர் போடுவது சுலபம். தோலில் இருக்கிற வடு எப்போது பட்டது என்று சொல்வதுதான் கஷ்டம். முள் கிழித்ததா, உண்ணி கடித்ததா, உரித்தவன் கத்தி பட்டதா, எங்கள் கம்பெனியில் பதப்படுத்தும் டிரம்மில் உரசியதா? ஆடு உயிரோடு இருந்தபோதே பட்டதென்றால் பழி தோல் விற்றவன் தலையில். டிரம்மில் பட்டதென்றால் எங்கள் தலையில். இப்படி அடுத்தவர் வடுவுக்குக் காரணம் சொல்லியே என் குடும்பம் சாப்பிட்டது. என் சொந்த வடுவுக்கு மட்டும் அம்மா முன்பே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

போன வருஷம் ஆடி மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என் வயதில் பாதிதான் இருக்கும், மரியாதை தெரிந்த பையன். மேஜைமேல் சில தோல்களைக் குப்புறப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் சாக்பீஸில் 2 என்று இருந்தது. கொஞ்சம் தள்ளி 4 என்றும் இருந்தது.

"இன்னாண்ணா இது?" என்றார். "ஒரே தோல் ரெண்டாவது தரமாவும் கீது, நாலாவது தரமாவும் கீது. எழுத்து ரெண்டும் உங்களுதுதான். சரக்கு வாங்கறவங்க ஆள் சிரிக்கிறான். உங்க கம்பெனில செலக்‌ஷனுக்கு எத்தன பேருன்னு கேக்கறான்."

காலையில் பிரித்து முடித்த தோல் கட்டுகளையே மத்தியானம் மறுபடி பிரித்து, வேறு நம்பர் போட்டிருக்கிறேன். போட்டது நினைவில் இல்லை. முதல் தடவை போட்டதும் நினைவில் இல்லை, இரண்டாவது தடவை போட்டதும் இல்லை. முப்பது வருஷத்தில் எனக்கும் எனக்குமே அபிப்பிராய பேதம் வந்தது அன்றுதான்.

"ஒடம்பு சரியில்லயோ இன்னாவோ. ஒரு நல்ல டாக்டரா பாருங்கண்ணா. அதுவரைக்கும் பேக்கிங்ல இருங்க, பேஜார் இல்லாத வேல" என்றார். பேக்கிங் என்றால் கட்டுக்குக் கயிறு போடுவது. அங்கே போனவர்கள் மேஜைக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் கிண்டலாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் அன்று கக்கூசில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் தோலோடு நிற்கவில்லை. அந்த மாதத்தில் இரண்டு தடவை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போயிருக்கிறேன். வேலை முடிந்து வரும்போது பழக்கமான முக்கில் நின்று, இடதா வலதா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கை முழுக்க விளையாட்டாகச் சொன்ன ஒரு விஷயம் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறது என்று தோன்றியது. பயந்துபோனேன்.

பேக்கிங் சேதி கேட்டு, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு கட்டுரையை போனில் அனுப்பினாள். தாய் வயிற்றில் இருந்தபோது கதிர் பட்டவர்களுக்கு வயதான பிறகு மறதி வருமா, யோசிக்கும் சக்தி குறையுமா என்பதுதான் விஷயம். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி இரண்டு நாள் படித்தேன். வரலாம், வராமலும் போகலாம், மேற்கொண்டு ஆராயவேண்டும் என்று முடித்திருந்தார்கள். எங்கள் தெரு ஜோசியர்கூட இதைவிடத் துணிச்சலாகச் சொல்வார். ஆனால் ஒரு வரியை மட்டும் தயங்காமல் எழுதியிருந்தார்கள். கதிர் அதிகமாகப் பட்டால் மூளைக்கு ஆபத்து ஜாஸ்தியாக இருப்பது மூன்றாம், நான்காம் மாதத்தில்தானாம். முதல் மாதமும் இல்லை, எட்டாம் மாதமும் இல்லை. எந்த பஸ்ஸையும் நேரத்துக்குப் பிடிக்காத குடும்பம், இதற்கு மட்டும் சரியான நேரத்தில் போய் நின்றிருக்கிறது.

வேலூரில் மறதிக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினோம். என் சம்சாரம் துணைக்கு வருவதாக இருந்தது. முதல்நாள் அம்மா வந்து நின்றாள். எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலி என்று ரேஷன் கடைக்கே போகாதவள்.

"நான் வர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா? அங்க உக்கார எடம் இருக்குமோ, இருக்காதோ."

"எக்ஸ்ரேக்குப் போனது நீயா, நானா? நீ சொன்னா தப்புத் தப்பா சொல்லுவ. நான்தான் சொல்லணும்."

அதற்குமேல் பேச்சில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் வேலூருக்குப் போனோம். பள்ளிகொண்டா தாண்டும்போது அம்மா, "அந்த நர்சு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள். ஐம்பத்தைந்து வருஷமாக அந்த நர்சு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

டாக்டர் ஒரு பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பொறுமையாகப் பேசினார். முதலில் இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

"செவ்வாய்" என்றேன்.

"யோசிக்காம சொல்லிட்டீங்களே."

"காலைல வல்லாரைத் துவையல் மேடம்."

அவருக்குப் புரியவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு தேங்காய், சாவி, மஞ்சள், ரயில், பூனை என்று ஐந்து வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். நடுவில் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் திரும்பி வந்ததுபோல வேர்த்தது, ஆனாலும் கழித்தேன். பிறகு அந்த ஐந்து வார்த்தைகளைக் கேட்டார்.

"தேங்காய். மஞ்சள். ரயில். பூனை." ஐந்தாவது வரவில்லை. தொண்டைவரை வந்து நின்றது. மேஜை, மின்விசிறி, டாக்டரின் பேனா என்று எல்லாவற்றையும் பார்த்தேன். பேக்கிங் கயிறு கண்ணில் வந்து ஆடியது.

"சாவிடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க சொல்லக் கூடாதும்மா. டெஸ்ட் உங்களுக்கு இல்ல, அவருக்கு."

"அவனுக்கு வரலயே, பாவம்" என்றாள் அம்மா. யாருக்காவது பரீட்சை என்றால் அவருக்குப் பதிலாகத் தான் நின்றுவிடுவது அவளுக்குப் பழக்கம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்காக மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தோம். அம்மா கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். மறுபடி உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு விட்டமின் ரொம்பக் கம்மியா இருக்கு. பி பன்னிரண்டு. சர்க்கரைக்கு நீங்க சாப்பிடற மாத்திரைய வருஷக் கணக்கா சாப்பிட்டா சில பேருக்கு இப்படி ஆகும். தூக்கமும் சரியா இல்லன்னு சொன்னீங்க. மறதிக்கு இதெல்லாமே காரணமா இருக்கலாம். ஊசி எழுதித் தர்றேன். மூணு மாசம் கழிச்சு வாங்க, திரும்பப் பார்ப்போம். மூளை தேயறதுக்கான அடையாளம் இப்போ எதுவும் எனக்குத் தெரியல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரை நூற்றாண்டாக என் குடும்பம் கொண்டாடிய மர்மம் கடைசியில் ஒரு ஊசி. உடனே எழுந்து கம்பெனிக்கு ஓடி மேஜையைத் துடைத்துவிட்டு உட்காரவேண்டும்போல இருந்தது.

அம்மா எழுந்திருக்கவில்லை. "எக்ஸ்ரே, டாக்டரம்மா?" என்றாள். வண்டி வந்தது, மூன்று மாதம், நர்சு சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்தாள். எனக்கு மனப்பாடமான கதை. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பயப்படற விஷயம் பொய் இல்லம்மா" என்றார். "ஜப்பான்ல குண்டு விழுந்த ஊர்கள்ல, அப்போ தாய் வயித்துல இருந்த பிள்ளைகளை ஆயுசு முழுக்கப் பார்த்திருக்காங்க. அந்த மாசத்துல ரொம்ப ஜாஸ்தியா கதிர் பட்ட சில பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிச்சிருக்கு. வயசான பிறகு இன்னும் என்னெல்லாம் ஆகும்னு இன்னமும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க, எல்லாம் எனக்கும் தெரியாது. ஆனா மார்புக்கு எடுக்கற ஒரு படத்துல வயித்துக்குப் போறது ரொம்ப ரொம்பக் கம்மி. அதால இவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஒண்ணு இல்லம்மா" என்றாள் அம்மா. "அஞ்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கதையில் ஒன்றுதான்.

"அஞ்சு தடவ நின்னேன். என் பேருக்கு ஒண்ணு. மத்தவங்க பேருக்கு நாலு."

பிறகு சொன்னாள். படத்தில் ஏதாவது தெரிந்தால் அன்றே வேலை போய்விடும் என்று மேஸ்திரி முதல்நாளே பயமுறுத்தியிருந்தான். நாலு பெண்களுக்கு நடுக்கம். அம்மாவுக்குப் பட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் மூச்சு வாங்காது. நல்ல நெஞ்சு என்று கம்பெனியில் பேர். வண்டிக்குள் இருட்டு, படம் எடுக்கிறவன் பேரைத்தான் கேட்பான், முகத்தைப் பார்க்கமாட்டான். அதனால் ஒவ்வொரு பேராகக் கூப்பிடும்போதும், புடவைத் தலைப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அம்மாவே ஏறியிருக்கிறாள். எங்கள் ஊருக்கு ஜெராக்ஸ் மெஷின் வருவதற்கு ரொம்பக் காலம் முன்பே அம்மா அந்தச் சேவையை நடத்தியிருக்கிறாள். அந்த நர்சு வாயைத் திறந்தது ஐந்தாவது தடவை இறங்கிய பிறகு.

டாக்டர் பேனாவை எடுத்து ஐந்து என்று எழுதிக்கொண்டார். "அந்தக் காலத்து மெஷின் இப்ப இருக்கறதவிட ஜாஸ்தியா கதிர் அடிக்கும்" என்றார். "ஆனாலும் அஞ்சு தடவைன்னாலும் அந்த ஜப்பான் அளவுக்குப் பக்கத்துலகூட வராதும்மா. அதால உங்க பையனுக்கு இப்படி ஆச்சுன்னு நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியல. இத்தன வருஷம் மனசுல வெச்சிருந்தது போதும். நிம்மதியா போங்க."

அம்மாவின் முகம் மலர்ந்திருக்கவேண்டும். மலரவில்லை. நல்ல சேதி கேட்ட முகமாகவே அது இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. நான்தான் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். இனிமேல் வல்லாரை கிடையாது, இத்தனை வருஷம் தின்றதற்கு நஷ்டஈடாகச் செவ்வாய்க்கிழமை பிரியாணி வேண்டும் என்றெல்லாம் உளறினேன்.

"அதுல மூணு பேரு சும்மா பயந்தாங்கொள்ளிங்க" என்றாள் அம்மா, டீயைப் பார்த்துக்கொண்டு. "அவங்களுக்கு ஒண்ணுமில்ல. நாலாவது என் தோஸ்து. ரெண்டு பேரும் ஒரே தொட்டியில முடி அலசுவோம். அவளுக்கு நெஜமாவே இருமல்."

பிரியாணிப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அவ பேருல என் நெஞ்சுதான் போச்சு. சுத்தமா கீதுன்னு சீட்டு வந்துச்சு. அன்னிக்கு வண்டிக்குப் பின்னால நின்னுனு ரெண்டு பேரும் அப்பிடி சிரிச்சோம்டா. அடுத்த வருஷம், நீ தவழ்ற சமயம், ரத்தம் ரத்தமா கக்கிச் செத்துப்போய்ட்டா. அப்பவே மாத்திர, ஊசியெல்லாம் இருந்துச்சு. சர்க்கார்லயே சும்மா குடுத்தான். அவ படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். குடுத்திருப்பான்."

ஆதார் கார்டில் மூடியிருந்த அந்தக் கண்கள் எனக்கு ஞாபகம் வந்தன. கதிருக்குப் பயந்து மூடியவை இல்லை அவை. நாங்கள் எவ்வளவு சிரித்தோம்.

"ம்மா, நீ இன்னா பண்ணுவ? வேல போய்டும்னு அந்த மேஸ்திரிதான் பயமுறுத்தினான். தப்பு அவன் மேல, கம்பெனி மேல."

"மேஸ்திரி நிக்கலடா. நான்தான் நின்னேன்."

அவள் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள்.

"அவ செத்தப்போ நீ மடியில இருந்த. ஒரு வயசு ஆகப் போவுது, இன்னும் நிக்கல. சாமி எனக்குக் கூலி குடுத்துடுச்சுன்னு நெனச்சேன். நான் அவ உசுர எடுத்தேன், அது உன் மூளைய எடுத்துக்கிச்சு, சரியாப் போச்சுன்னு. நீ ஒவ்வொரு தடவ மறக்கும்போதும் எனக்கு வயிறு எரியும். ஆனா அனுபவிச்சினு கீறோம், அனுபவிச்சினு கீறோம்னு ஒரு ஆறுதல். இன்னிக்கி அந்தப் பொண்ணு உனக்கு ஒண்ணுமே ஆகலன்னு சொல்றா. அப்போ நான் பண்ணதுக்கு எனக்கு இன்னாடா தண்டன?"

எப்போதும் என் வாயில் தயாராக இருக்கும் நக்கல் அப்போது ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் கேலிக்கு ஆளானவன் நான் என்று நினைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கீரை ஆய்ந்துகொண்டே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் முட்டை தின்றுகொண்டிருந்தேன்.

"நேரமாவுது, கெளம்பலாம்மா" என்றேன். சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் கையைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போனேன். ஆம்பூர் வழியாகப் போகிற வண்டி எதிரிலேயே நின்றது, கண்டக்டர் ஊர்ப் பேரைக் கத்திக்கொண்டிருந்தான். அதைத் தாண்டிப் போனேன். அடுத்து நின்ற வண்டியின் நெற்றியில் ஆற்காடு என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. அதன் படியில் கால் வைத்தேன்.

சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"டேய், எங்கடா ஏர்ற? அது ஆற்காடு வண்டி. போர்டு பாக்கலயா நீ?"

நான் இறங்கி, போர்டை நிமிர்ந்து பார்த்து, தலையைச் சொறிந்தேன். "அடடா, கவனிக்கலம்மா."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் நடிப்பைக் கண்டுபிடித்துவிட்டாளோ என்று மறுபடி போர்டைப் பார்த்தேன். பிறகு அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. மூட்டை தூக்கிக்கொண்டு ஓடினாலும் வாங்காத அந்த மூச்சு.

"அந்த எக்ஸ்ரேதான்" என்றாள். "அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்?"

என் கையைப் பிடித்து ஆம்பூர் வண்டிக்கு அவளே கூட்டிப்போனாள். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னாள். முழங்கால் வலியை மறந்துவிட்டு, இறங்கும்வரை என் கையை விடவேயில்லை.

ஊசி போட்டு முடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது ஐந்து வார்த்தைகளையும் சொன்னேன், யாரும் பின்னாலிருந்து சொல்லித்தரவில்லை. மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டேன். பேக்கிங் சரித்திரத்தில் நான்தான் முதல் ஆள். ஒரு தோலுக்கு ஒரு நம்பர்தான் போடுகிறேன். வடு எப்போது பட்டது என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்வேன்.

வீட்டில்தான் முடியவில்லை. வாரத்துக்கு ஒன்றாவது மறக்கிறேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு டப்பாவை எடுக்காமல் தெருமுனைவரை போய் நின்றுகொண்டேன். அம்மா அந்த முழங்காலோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வல்லாரை வாசனை அடித்தது. வாங்கிக்கொண்டேன்.